கேமரா திரும்பிய நேரத்துக் கண்ணீர்

கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 34 வயது. சேலத்தில் எங்கள் சபையில் ஆறு வருடமாகப் பாடல் ஆராதனை நடத்துகிறேன். 2020 ஊரடங்கில் ஆரம்பித்த யூடியூப் நேரலை இன்றும் ஓடுகிறது. போன மே மாதம் ஏற்காட்டில் மூன்று நாள் தியான முகாம். கடைசி நாள் பாடும்போது எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்த அழுகை. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தேன். அந்த நேரம் கேமரா என் பக்கம் திரும்புவது தெரிந்தது. எடுத்த கையை அப்படியே மேலே உயர்த்திவிட்டேன். கண்ணீரைத் துடைக்கவில்லை. அந்த வீடியோவை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கீழே ‘அக்கா, நீங்க பாடினா அபிஷேகம் இறங்குது’ என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து வாயைத் திறந்தாலே ‘நீ நடிக்கிறாய்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. என் கணவர் ‘ரொம்ப யோசிக்காதே’ என்கிறார். ஆளும் குறைவு. போன கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் தனிப்பாடலை எனக்குக் கொடுத்த பிறகு, அதுவரை அதைப் பாடிக்கொண்டிருந்த தங்கச்சி பயிற்சிக்கு வருவதில்லை. நானும் நின்றால் கஷ்டம்தான். என் பாட்டைக் கேட்டு அழுதவர்கள் எல்லாம் ஏமாந்தவர்களா? நான் மாயக்காரியா? விலகிவிடட்டுமா? பெயர் வேண்டாம் ஐயா.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலக வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கைதான். துடைக்கக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறி மேலே போன கை. தன்னை இவ்வளவு கிட்டத்தில் பார்த்து எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, ‘எங்கள் பாஸ்டர் விளம்பரப் பிரியர்’, ‘எங்கள் கமிட்டிக்காரர் நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றின் முதுகிலும் தன் பேரை எழுதிவிட்டார்’ என்று அடுத்தவர் உள்நோக்கத்தை என்னிடம் எடை போடச் சொல்லுகிறவைதான்.

நானும் யோக்கியன் இல்லை. நான் ஆயராக இருந்த நாளில் ஒரு ஞாயிறு பேராயர் எங்கள் ஆலயத்துக்கு வந்திருந்தார். ஆராதனை முடிந்து வீட்டில் சாப்பிடும்போது என் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, “இன்னைக்கு ஜெபம் பதினோரு நிமிஷம். போன வாரம் நாலு” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான் கேட்ட எதுவும் பொய்யில்லை. மழை, வியாதியஸ்தர்கள், தேர்வு எழுதும் பிள்ளைகள் எல்லாம் மனதாரக் கேட்டதுதான். ஆனால் என் காது ஒன்று மட்டும் எழுந்து போய் முன்வரிசையில், பேராயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. உங்கள் கையும் என் காதும் ஒரே ஜாதி.

சரி, மாயக்காரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் வேதாகமம் மாயக்காரர் என்று சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது நாடக மேடையில் வேஷம் கட்டுகிறவனைக் குறித்த சொல். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, மனுஷர் பார்ப்பதற்காக இவற்றைச் செய்கிறவர்கள் ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’ என்று மூன்று முறையும் முடிக்கிறார். அந்த ‘அடைந்து தீர்ந்தது’ என்பதற்கான கிரேக்கச் சொல் கடைத்தெருவில் புழங்கியது. எகிப்தில் கண்டெடுத்த பழைய பாப்பிரஸ் ரசீதுகளில் ‘தொகை பெற்றுக்கொண்டேன்’ என்கிற இடத்தில் அது வருகிறது. நம் லீ பஜாரில் மண்டிக்காரர் பில்லின் மேல் கோடு கிழித்து ‘கணக்கு நேர்’ என்பாரே, அந்தத் தொனி. இயேசு திட்டவில்லை. நீ கேட்டது கைதட்டல், கைதட்டல் வந்துவிட்டது, இனி பாக்கி எதுவும் இல்லை என்று கணக்கை முடிக்கிறார், அவ்வளவே. உங்கள் வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகள் ஒரு ரசீது. அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள். பார்த்த பிறகும் வயிறு நிறையவில்லை. நிறைந்திருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

வேஷக்காரன் வேலை முடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தூங்கப் போவான். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அது ஒரு வித்தியாசம். ஆனால் அதை வைத்து ‘நான் மாயக்காரி இல்லை’ என்று ஆறுதல்பட்டுக்கொள்ளவும் வேண்டாம். உங்களுக்குள் நடந்தது கலப்படம். கலப்படம் பற்றிச் சேலத்துக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் சபையில் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். வீடு சந்திக்கப் போனால் முன்னறையிலேயே வேலை நடக்கும். உருக்கிய வெள்ளியைக் கம்பியாக இழுத்து வைத்திருப்பார்கள். வீட்டுப் பெண்கள் குனிந்து உட்கார்ந்து சலங்கை மணிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார்கள். ஒரு நாள் அவர் ஒரு தகட்டுத் துண்டை என் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார். இரண்டு விரலுக்கே வெற்றிலைக் காம்பு மாதிரி மடங்கியது. “இது சுத்த வெள்ளி ஐயா. இதுல கொலுசு செஞ்சு புள்ளை கால்ல போட்டா பொழுது சாயறதுக்குள்ள கோணிக்கும். கொஞ்சம் செம்பு போட்டாத்தான் நிக்கும்” என்றார். செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்பதற்குத்தான் டச் பார்ப்பது. டச்சுக்குத் தகுந்த விலை. அதில் ஒளிவு மறைவு கிடையாது. “அப்போ எதைத்தான் கள்ள வேலைன்னு சொல்லுவீங்க?” என்றேன். “குறைஞ்ச டச்சை ஒசந்த டச்சுன்னு சொல்லி விக்கிறது.”

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அனனியா சப்பீராள் கதை முதல் முறையாக விளங்கியது என்று சொல்லலாம். அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரம். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை அனனியா வீட்டில் வைத்துக்கொண்டான். அதை யாரும் குற்றம் சொல்லவில்லை. ‘அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?’ என்று பேதுருவே கேட்கிறான். பாதிதான் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் பாதி காணிக்கையாகப் போயிருக்கும். முழுவதும் இதுதான் என்று வைத்தான் பாருங்கள், அங்கேதான் விழுந்தான்.

ஆகவே சகோதரி, ‘என் பாட்டில் கொஞ்சம் பெருமை ஆசை கலந்திருக்கிறது’ என்று உங்களுக்குத் தெரிவதும், ஆண்டவரிடம் அதை அப்படியே சொல்லுவதும் ஒன்று. ‘அக்கா பாடினால் அபிஷேகம்’ என்று ஒருவர் எழுதும்போது மெளனமாக ஏற்றுக்கொண்டு உயர்ந்த டச் முத்திரையைக் குத்திக்கொள்ளுவது வேறு. உங்களைத் தூங்கவிடாதது முதலாவது என்று நினைக்கிறீர்கள். எனக்குத் தோன்றுகிறது, இரண்டாவதுதான்.

மல்கியா 3:3-ஐப் பாருங்கள். ‘அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரித்துக்கொண்டிருப்பார்.’ இந்த வசனத்தைப் பாடுகளைப் பற்றிய பிரசங்கத்தில்தான் அதிகம் கேட்டிருப்போம். அங்கே புடத்தில் இருப்பது யார் என்று அடுத்த வரி சொல்லுகிறது: லேவியின் புத்திரர். ஆலய ஊழியக்காரர்கள். நாளாகமத்தைப் படித்தால் தெரியும், சுரமண்டலமும் கைத்தாளமும் வைத்துக்கொண்டு ஆலயத்தில் பாடியவர்களும் லேவியர்தான். அதாவது அந்தப் புடம் உங்கள் பாடகர் குழுவுக்குப் போட்டது! இவர்களை நீக்கிவிட்டுச் சுத்தமான ஆட்களைக் கொண்டுவருவேன் என்று கர்த்தர் சொல்லவில்லை. இவர்களே நீதியாய்க் காணிக்கை செலுத்தும்படிக்குப் புடமிடுவேன் என்கிறார். அதற்கு ‘உட்கார்ந்து’ என்று ஒரு வார்த்தை வேறு. நின்றபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலையில்லை அது. (கொலுசில் சேர்க்கிற செம்பும் புடத்தில் எரிகிற கசடும் ஒன்றில்லையே என்று பட்டறைக்காரர்கள் யாராவது எழுதுவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். உவமையை ரொம்ப இழுத்தால் கம்பி அறுந்துவிடும்.)

உங்கள் பாட்டைக் கேட்டு அழுதவர்கள் ஏமாந்தவர்களா என்ற கேள்விக்குச் சபை 1,600 வருடத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. 303-ல் ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களை ஒடுக்கிய காலத்தில் வட ஆப்பிரிக்காவில் சில கண்காணிகள், அதாவது பேராயர்கள், பயந்துபோய் வேத புத்தகங்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அமைதி திரும்பியதும் பெரிய சண்டை. அப்படிப்பட்டவர்கள் கொடுத்த ஞானஸ்நானமும் குருமாருக்குப் பண்ணிய அபிஷேகமும் செல்லுமா? செல்லாது என்று ஒரு கூட்டம் பிரிந்துபோனது. தொனாத்து கட்சியார் என்று அவர்களைச் சொல்வார்கள். அந்த வாதத்தில் ஹிப்போ நகரத்துக் கண்காணி அகுஸ்தீன் சொன்னதன் சாரம்: கொடுக்கிறவர் கிறிஸ்து, ஊழியக்காரன் கை மட்டுமே. கை அழுக்கு என்பதற்காக ஈவு கெட்டுப்போகாது. பவுலும் சிறையில் இருந்துகொண்டு, சிலர் பொறாமையால் பிரசங்கிக்கிறார்கள் என்று தெரிந்தே, ‘எப்படியாவது, கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன்’ என்று பிலிப்பியருக்கு எழுதினார். அன்று ஏற்காட்டில் பின்வரிசையில் அழுத யாரோ ஒரு தாய் உங்கள் கையைப் பார்த்து அழவில்லை. அந்த வரிகள் அவருக்கு எதையோ செய்தன. அதை உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், வரவிலும் வேண்டாம், செலவிலும் வேண்டாம்.

அதே அகுஸ்தீனுக்கு உங்கள் வியாதியும் இருந்தது. ஆலயத்தில் பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகமாக அசைத்துவிடும்போது தான் பாவம் செய்ததாக உணர்வதாகவும், அப்போது பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுவதாகவும் அவர் ‘அறிக்கைகள்’ என்ற தன் நூலில் எழுதியிருக்கிறார். பாட்டே வேண்டாம் என்கிற அளவுக்குப் போய், பிறகு மனம் திரும்பின புதிதில் அந்தச் சங்கீதங்கள் தன்னை அழவைத்ததை நினைத்து, இருக்கட்டும் என்று திரும்பிவருகிறார். முழுசாகத் தீர்ந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அந்தப் பக்கங்கள் பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

இப்போது அந்தக் குரல். ‘நீ நடிக்கிறாய், நீ நடிக்கிறாய்.’ அது பரிசுத்த ஆவியானவர் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. எனக்குச் சந்தேகம். முன்பு சபையார் உங்களைப் பார்ப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இப்போது நீங்களே பார்வையாளராக முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கேமரா மாறிவிட்டது, படம் மாறவில்லை. இரண்டிலும் நடுவில் நிற்பது நீங்கள்தான். எரேமியா இருதயத்தைப் பற்றி, ‘அதை அறியத்தக்கவன் யார்?’ என்று கேட்டுவிட்டு, கர்த்தராகிய நானே என்று அவருடைய பதிலையும் எழுதிவைத்திருக்கிறார். ஆராயும் உத்தியோகம் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது. நீங்கள் அதற்கு விண்ணப்பம் போட வேண்டாம்.

கையை உயர்த்துவதே தப்போ என்றும் குழம்பாதீர்கள். லூக்கா 18-ல் ஜெபிக்க வந்த ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், மார்பில் அடித்துக்கொண்டான். அதுவும் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற சைகைதான். அடித்துக்கொள்ளும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு, உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒரு வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். நீங்களும் தாண்டித்தான் போயிருக்கிறீர்கள். தனிப்பாடல் உங்களுக்கு வந்த பிறகு ஒரு தங்கச்சி பயிற்சிக்கு வருவதில்லை. ஆள் பற்றாக்குறைக் கணக்கில் அவளைச் சேர்த்துவிட்டீர்கள். ஒரு நொடிக் கைக்கு ஒரு பக்கம், வராமல் போன பெண்ணுக்கு ஒரு வரி.

ஆராதனையில் உள்ளம் சுத்தமா என்று தெரிந்துகொள்ள இயேசு ஒரு சோதனை வைத்திருக்கிறார். ‘நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவுண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்…’ உன் மனதில் பெருமை இருக்கிறதா, அழுகை உண்மையா என்று அவர் கேட்கவில்லை. உன்மேல் யாருக்காவது வருத்தம் இருக்கிறதா? அதுதான் கேள்வி. அவனுக்குத்தான் குறை, உனக்கல்ல என்பதையும் கவனியுங்கள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் கலிலேயாவில். பலிபீடமோ எருசலேமில். நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு நடந்து போவது போல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, ஆசாரியன் கையை நீட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் முகம் ஞாபகம் வருகிறது. அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார்! ஆட்டை யார் பார்த்துக்கொள்வது என்று அங்கே ஒருவராவது சிரித்திருப்பார். வசனம் அதோடு முடியவும் இல்லை. ‘பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து.’ திரும்பி வா என்கிறார். அதனால்தான் விலக வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதினேன். விலகிவிட்டால் ‘மனசாட்சிக்காகப் பாட்டையே விட்டவர்’ என்று ஒரு நல்ல பேர் கிடைக்கும். அந்தத் தங்கச்சி வீட்டுப் படி ஏறாமலே தப்பித்துக்கொள்ளவும் வழி கிடைக்கும்.

அவள் வராததற்கு நீங்கள் காரணமில்லாமலும் இருக்கலாம். தேர்வு, வேலை, வீட்டில் வரன் பார்ப்பது என்று எதுவோ இருக்கலாம். போய்க் கேட்காமல் தெரியாது. தனிப்பாடலை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது நீங்களா பயிற்றுநரா என்று நீங்கள் எழுதவில்லை. பயிற்றுநர் என்றாலும், கொடுத்தபோது உங்களுக்கு உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தீர்களா என்பதுதான் அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

சில்லறை யோசனைகள் சில. நேரலை நடத்தும் தம்பிகளிடம், ஜெப நேரத்திலும் பாடல் நேரத்திலும் யார் முகத்தையும் கிட்டத்தில் காட்டாமல் ஆலயம் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்துவிடச் சொல்லுங்கள். உங்களுக்காக என்று சொல்ல வேண்டாம், முன்னால் உட்கார்ந்து அழுகிற எத்தனையோ பேருக்கும் அது நிம்மதி. உங்கள் வீடியோவை நீங்கள் பார்க்காதீர்கள். சுதி தப்பியதா என்று பார்க்க வேண்டுமானால் பயிற்றுநர் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம், வாரத்தில் ஒரு பாட்டையாவது யாரும் கேட்காத இடத்தில் பாடுங்கள். இயேசு ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசி’ என்ற இடத்தில் வருகிற கிரேக்கச் சொல், வீட்டின் உட்பக்கம் சாமான் வைக்கிற அறைக்கும் பேர். அரிசி மூட்டைக்கும் காலி டப்பாவுக்கும் நடுவில் நின்று ஞானப்பாட்டு பாடிப் பாருங்கள். கையை உயர்த்தினால் பரணில் இடிக்கும்.

இன்னொன்று. அந்தக் குரல் பாடும்போது மட்டுமல்லாமல் சமைக்கும்போதும் தூங்கப் போகும்போதும் விடாமல் வந்தால், அதை அடக்க ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தால், அது ஆவிக்குரிய பிரச்சினை மட்டும் இல்லை. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அதற்கு மருந்து இருக்கிறது. சபையில் யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தங்கச்சி வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். ‘தனிப்பாடலை உனக்கே விட்டுத் தருகிறேன்’ என்று எடுத்தவுடன் ஆரம்பிக்காதீர்கள், அது இன்னொரு மேடை. நடந்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவள் பேசுவதைக் கேளுங்கள். அவள் கோபமாகப் பேசினாலும், பேசாமல் இருந்தாலும் அழ வேண்டாம். அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால் போகிற வழியில் தட்டுவடை செட் இரண்டு பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் நமத்துப்போகும் சாமான் அது. வாசலில் நின்று கொடுத்துவிட்டுத் திரும்ப முடியாது, உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டே ஆகவேண்டும்.